ஹெட்டி ப்ளெங்கின் அழாத காட்சி

ஹெட்டி ப்ளெங்கினைப் பற்றிப் பத்திரிகையில் எழுதுகிறவர்கள் முதல் வரியிலேயே கண்ணீரைக் கொண்டுவந்துவிடுவார்கள். மேடையிலும் திரையிலும் நாற்பது வருடத்துக்கு மேல் நடித்தவள், இங்கிலாந்தில் அவள் பெயர் தெரியாத வீடு இல்லை என்பதெல்லாம் அப்புறம்தான். முதலில் அந்தக் கண்ணீர். அது எப்படி வந்தது என்று எனக்குத் தெரியும். அவளுடைய சால்வையைக் கையில் வைத்துக்கொண்டு நான் பக்கத்தில்தான் நின்றிருந்தேன். அதனால்தான் இதைச் சொல்ல உட்கார்ந்திருக்கிறேன். கோபப்படாமல் சொல்வேன் என்று நினைக்காதீர்கள்.

என் பெயர் மேவிஸ். ஹல் துறைமுகத்தில், ஹெஸ்ஸல் ரோட்டை ஒட்டிய ஒரு தெருவில் ஹெட்டி வீட்டுக்கு எதிர்வீடு எங்களுடையது. எங்கள் தெரு ஆண்களில் பாதிப்பேர் ஐஸ்லாந்துப் பக்கம் மீன் பிடிக்கப் போகிறவர்கள். மீதிப்பேர் கரையில் நின்று அவர்கள் கொண்டுவரும் மீனை இறக்குகிறவர்கள். ஹெட்டியின் அப்பா மீன் இறக்குகிறவர். அம்மா ஆடா மீனுக்குப் புகை போடும் கூடத்தில் வேலை செய்தாள். அவள் தலைமுடியிலிருந்து அந்த வாசனை ஞாயிற்றுக்கிழமைகூடப் போகாது.

பள்ளியில் கிறிஸ்துமஸ் நாடகம் போட்டபோது, மேரி வேஷத்தைத் துறைமுக அலுவலகக் குமாஸ்தாவின் மகளுக்குக் கொடுத்தார்கள். ஹெட்டிக்கு ஆடு வேஷம். "உன் பேச்சு மேரிக்கு ஒத்து வராதும்மா" என்றாள் டீச்சர். ஹெட்டி ஆட்டுத்தோலைப் போர்த்திக்கொண்டு மேடைக்கு வந்தாள். கத்தவில்லை, நகரவில்லை. தொட்டிலில் இருந்த பொம்மையையே பார்த்துக்கொண்டு நின்றாள். கொஞ்ச நேரத்தில் மேரியை யாரும் பார்க்கவில்லை. எல்லோரும் ஆட்டைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வீட்டுக்குப் போகிற வழியில் நான் சிரித்துச் சிரித்து மாய்ந்தேன். அவள் சிரிக்கவில்லை.

"கோவமா இருந்துச்சு. அதான் அசையாம நின்னேன்" என்றாள்.

இதை நான் சும்மா சொல்லவில்லை. ஹெட்டிக்குக் கோபம் வந்தால் கத்த மாட்டாள். அசையாமல் நிற்பாள். எங்கள் தெருப் பெண்கள் பலரும் அப்படித்தான்.

அவளுக்குப் பதினாறு வயதில் அண்ணன் லெஸ் போன கப்பல் திரும்பி வரவில்லை. எங்கள் தெருவில் அந்த மாதிரிச் செய்தியை, மீனவர் குடும்பங்களைக் கவனிக்கும் கிறிஸ்தவ மிஷன்காரர் நடந்து வந்து சொல்லுவார். கறுப்புக் கோட்டு, கையில் தொப்பி. அவர் தெருமுனையில் திரும்பினாலே ஒவ்வொரு வீட்டுச் சன்னலிலும் ஒரு முகம் தெரியும். எல்லோருக்கும் ஒரே எண்ணம், நம் வீட்டைத் தாண்டிப் போகட்டும். அன்றைக்கு எங்கள் வீட்டைத் தாண்டினார். தாண்டி, எதிர்வீட்டு வாசலில் நின்றார். நான் ஓடிப் போய் ஹெட்டிக்குப் பக்கத்தில் நின்றேன்.

ஆடா சமையலறையில் உருளைக்கிழங்கு சீவிக்கொண்டிருந்தாள். அந்த மனிதர் சொல்லி முடித்தார். ஆடா கையிலிருந்த கிழங்கைச் சீவி முடித்தாள். தண்ணீரில் போட்டாள். அடுத்ததை எடுத்தாள். பிறகு நிமிர்ந்து பார்த்து, "கதவைச் சாத்துங்க, குளிர் உள்ள வருது" என்றாள்.

அவ்வளவுதான். அவள் அழுது நாங்கள் பார்த்ததே இல்லை, அன்றைக்கும் சரி, அதற்கப்புறமும் சரி. ஆனால் அந்தச் சமையலறையில் நின்றிருந்த யாரும் அவள் துக்கப்படவில்லை என்று சொல்ல மாட்டார்கள்.

அடுத்த வருடம் ஹெட்டி மீன்கூடத்து வேலைக்குப் போகாமல், கடற்கரை ஊர் ஒன்றில் இருந்த நாடகக் கம்பெனியில் போய்ச் சேர்ந்தாள். வாரம் ஒரு நாடகம் போடுவார்கள். இரவு ஒன்றை நடித்துக்கொண்டே பகலில் அடுத்ததை மனப்பாடம் செய்ய வேண்டும். எனக்குத் தையல் தெரியும் என்பதால் என்னையும் இழுத்துக்கொண்டு போனாள். அவள் வேலைக்காரி, நர்ஸ், கிழவி, பிணம் எல்லாம் நடித்தாள். நான் திரைச்சீலைத் துணியில் ராணிக்குக் கவுன் தைத்தேன்.

அங்கிருந்து உதவித்தொகை கிடைத்து லண்டனில் ஒரு நடிப்புப் பள்ளிக்குப் போனாள். அங்கே இரண்டு வருடம் பற்களுக்கு நடுவில் தக்கையை வைத்துப் பேசச் சொல்லி, எங்கள் ஊர்ப் பேச்சை அவள் வாயிலிருந்து பிடுங்கப் பார்த்தார்கள்.

"ப்ளெங்கின்ங்கற பேரு போஸ்டர்ல நல்லா இருக்காது. மாத்திக்கலாமே" என்றார் அவளுக்கு வாய்ப்புத் தேடித் தருவதாகச் சொன்ன ஏஜென்ட்.

"எங்க அப்பா பேரு அது. போஸ்டரைப் பெரிசா அடிங்க, நல்லா இருக்கும்" என்றாள் ஹெட்டி.

பெயர் மாறவில்லை. பேச்சை அவர்கள் சொன்னபடி கற்றுக்கொண்டாள், வேண்டுமென்றால் கோமகளாகவும் பேசுவாள். கோபம் வந்தால் மட்டும் ஹெஸ்ஸல் ரோடு வந்துவிடும்.

இருபத்தேழு வயதில் லண்டன் மேடையில் ஒரு நாடகம். கணவனைக் கொன்றுவிட்டு விசாரணைக்கு நிற்கும் ஒரு விவசாயி மனைவி. கடைசி அரை மணி நேரம் அவளுக்கு வசனமே கிடையாது, கூண்டில் நிற்க வேண்டும், அவ்வளவுதான். ஜனங்கள் அதைப் பார்க்க வரிசையில் நின்றார்கள். அதைப் பார்க்க வந்தவர்களில் ஒருவர்தான் ஹியூகோ மார்லிங்.

மார்லிங் அப்போதே பெரிய சினிமா இயக்குநர். பெரிய இடத்துப் பிள்ளை, மெல்லிய குரல், எல்லோரையும் 'டார்லிங்' என்று கூப்பிடுவார். கடலில் மூழ்கிப்போன மீனவர்களின் கதையைப் படமாக எடுக்கப்போவதாகவும், கதாநாயகி மீனவன் மனைவி என்றும், அந்த ஊர்ப் பெண்ணே வேண்டும் என்றும் சொன்னார். ஹெட்டி அன்றைக்கு என்னிடம் வந்து, "மேவிஸ், நம்ம தெருவைப் படம் எடுக்கறாங்கடி" என்றாள். அவள் அத்தனை சந்தோஷமாக இருந்து நான் அதற்கு முன்னால் பார்த்ததில்லை.

எனக்கு அந்தப் படத்தில் உடைப் பிரிவில் வேலை வாங்கிக் கொடுத்தாள். லண்டனுக்கு வெளியே ஒரு ஸ்டுடியோவில் எங்கள் சமையலறை மாதிரியே ஒன்றைக் கட்டியிருந்தார்கள். அடுப்பு, பீங்கான் தொட்டி, கதவுக்குப் பின்னால் மாட்டிய கோட்டு, எல்லாம் சரியாக இருந்தது. முக்கியமான காட்சி அதில்தான். மிஷன்காரர் வந்து, கணவன் போய்விட்டான் என்று சொல்ல வேண்டும். கதையில், அவள் கதறி அழுது தரையில் விழுவதாக எழுதியிருந்தது.

காலையில் ஹெட்டி மார்லிங்கிடம் போனாள். நானும் கூட இருந்தேன்.

"சார், இவ அழ மாட்டா."

"ஏன் டார்லிங்?"

"எங்க ஊர்ல அந்த நேரத்துல யாரும் அழறதில்ல. எங்க அம்மாவை நான் பார்த்திருக்கேன்." லெஸ் செத்த அன்று நடந்ததை அவரிடம் முழுக்கச் சொன்னாள். கிழங்கு, தண்ணீர், கதவு, எல்லாம். வெளி ஆட்களிடம் அவள் அதைச் சொன்னது அதுதான் முதல் தடவை.

மார்லிங் கவனமாகக் கேட்டார். அவள் தோளைத் தட்டினார். "ரொம்ப அழகா இருக்கு. ஆனா அது உங்க தெருவுக்குப் போதும், டிக்கெட் வாங்கறவங்களுக்குப் போதாது."

"ஒரு தடவை நான் சொல்றபடி எடுங்க. நல்லா இல்லைன்னா தூக்கிப் போட்டுடுங்க."

"சரி. உனக்காக ஒரு தடவை" என்றார்.

விளக்குகளைப் போட்டார்கள். கேமராவை அவள் முகத்துக்கு மிகப் பக்கத்தில் கொண்டுவந்தார்கள். ஹெட்டி கத்தியைக் கையில் எடுத்தாள். மிஷன்காரராக நடித்த கிழவர் தன் வசனத்தைச் சொன்னார். ஹெட்டி கிழங்கைச் சீவிக்கொண்டிருந்தாள். அவள் முகத்தில் ஒன்றுமே இல்லை, எல்லாமும் இருந்தது. ஆடாவே அங்கே உட்கார்ந்திருப்பது போல இருந்தது. அவள் நிமிர்ந்தாள். வாயைத் திறக்கப் போனாள்.

கேமராவுக்குப் பக்கத்தில் நின்றிருந்த மார்லிங் ஓர் அடி முன்னால் வந்து அவள் கன்னத்தில் ஓங்கி அறைந்தார். அறைந்துவிட்டுப் பின்னால் நகர்ந்துகொண்டார்.

கேமரா ஓடிக்கொண்டே இருந்தது. ஹெட்டியின் தலை ஒரு பக்கம் சாய்ந்து திரும்பியது. என்ன நடந்தது என்று அவளுக்குப் புரியவில்லை. கண்கள் அகலமாக விரிந்தன. வாய் ஒரு குழந்தையின் வாயைப் போலக் கோணியது. பிறகு கண்ணீர் வந்தது. அவள் கேட்டு வந்த கண்ணீர் இல்லை. தானாகக் கொட்டியது.

நான் கத்தினேன். "யோவ், நீ யாருய்யா அவளை அடிக்கறதுக்கு?" என்று கேட்டுக்கொண்டே விளக்குக் கம்பிகளைத் தாண்டி ஓடினேன். இரண்டு ஆட்கள் என் தோளைப் பிடித்து வெளியே தள்ளிக்கொண்டு போனார்கள். கதவு சாத்துவதற்குள் மார்லிங் சொன்னது எனக்குக் கேட்டது. "அற்புதம், டார்லிங். இதுதான். இதுதான் எனக்கு வேணும்."

பிறகு ஒப்பனை அறையில் அவளைப் பார்த்தேன். இடது கன்னத்தில் விரல் தடம் தெரிந்தது. ஒப்பனைக்காரப் பெண் ஈரத்துணியை வைத்து ஒற்றிக்கொண்டிருந்தாள். ஹெட்டி கண்ணாடியைப் பார்த்தபடி அசையாமல் இருந்தாள்.

"மறுபடி எடுக்கச் சொன்னேன். செட்டைப் பிரிக்கச் சொல்லிட்டாராம்" என்றாள்.

போய்ப் பார்த்தேன். உண்மைதான். ஆட்கள் அந்தப் பீங்கான் தொட்டியைக் கழற்றிக்கொண்டிருந்தார்கள்.

ஏஜென்ட் வந்தார். "பெரிசு பண்ணாத ஹெட்டி. கை வெச்சது தப்புதான், இல்லேங்கல. ஆனா இந்தப் படம் உன்னை எங்கேயோ கொண்டுபோயிடும் பாரு" என்றார். நான் அவரிடம், "போய்யா" என்றேன். அவர் என்னைப் பார்க்கக்கூட இல்லை.

படம் வந்தது. ஏஜென்ட் சொன்னபடியே எங்கேயோ கொண்டுபோனது. அறைந்தது படத்தில் இல்லை. அறைந்ததற்கு அடுத்த நொடியிலிருந்துதான் வெட்டிச் சேர்த்திருந்தார்கள். மிஷன்காரர் சொல்கிறார், உடனே ஹெட்டியின் முகம், விரிந்த கண்கள், கோணிய வாய், கண்ணீர். சினிமாவிலேயே இதுவரை யாரும் இப்படி அழுததில்லை என்று எழுதினார்கள். அவளுக்கு விருது கொடுத்தார்கள். போஸ்டரிலும் அந்த முகம்தான். பேருந்து நிறுத்தத்தில் நின்றால் அந்த முகம். எனக்கு ஒவ்வொரு தடவையும் அந்தப் போஸ்டரில் ஐந்து விரல் தெரியும்.

ஹல்லில் படம் போட்டபோது ஆடாவை அழைத்துக்கொண்டு போனோம். ஆடா தொப்பி போட்டுக்கொண்டு முன்வரிசையில் உட்கார்ந்து கடைசிவரை பார்த்தாள். வெளியே வந்து நடந்தோம். சிப்ஸ் கடைக்குப் பக்கத்தில் நின்று கேட்டாள்.

"லெஸ் போன அன்னிக்கு நான் இப்படியா அழுதேன்?"

"இல்லம்மா" என்றாள் ஹெட்டி.

"அப்புறம் யாரைப் பார்த்து அழுத?"

"டைரக்டர் அப்படிக் கேட்டாரும்மா."

"கேட்டாச் செஞ்சிடுவியா நீ?"

ஹெட்டி சிப்ஸ் வாங்கக் கடைக்குள் போய்விட்டாள். அடித்தார் என்று சொன்னால் அவள் அப்பா மீன்பெட்டி இழுக்கும் கொக்கியோடு லண்டனுக்கு ரயில் ஏறியிருப்பார். ஆடா அதற்கப்புறம் அந்தப் படத்தைப் பற்றிப் பேசவே இல்லை. பக்கத்து வீட்டுக்காரிகள், "ஆடா, உன் பொண்ணு என்னமா அழுதுட்டா" என்று சொல்லும்போது உள்ளே போய்விடுவாள். தன் துக்கத்தை மகள் ஊருக்குத் தப்பாகக் காட்டிவிட்டாள் என்று நினைத்துக்கொண்டே பத்து வருடம் கழித்துச் செத்துப்போனாள். மார்லிங் அறைந்ததில் எனக்கு எவ்வளவு கோபமோ, அதைவிட இதில்தான் அதிகம்.

அதற்குப் பிறகு ஹெட்டிக்கு வந்த கதைகளில் எல்லாம் அழுகைதான். மகனைப் பறிகொடுத்தவள் வேஷம், கணவன் ஓடிப்போனவள் வேஷம். "நீங்க அழுதாப் போதும், மத்தது நாங்க பார்த்துக்கறோம்" என்றார் ஒருவர். ஹெட்டி கதைப் பிரதியை அவர் மடியிலேயே திருப்பி வைத்துவிட்டு வந்தாள். சினிமாவை விட்டு மேடைக்குத் திரும்பினாள். ராணிகள், கொலைகாரிகள், ஒரு சூதாடி, ஒரு பாதிரியாரின் குடிகார மனைவி. நான் அவளுக்கு உடை மாற்றிவிடுகிறவளாகக் கூடவே போனேன். இருட்டில், மேடைக்குப் பின்னால், அவள் மூச்சுவிடும் நேரத்துக்குள் ஒரு கவுனைக் கழற்றி இன்னொன்றை மாட்டிவிட வேண்டும். ஒவ்வொரு நாடகத்திலும் அவள் எங்கேயோ ஓர் இடத்தில் ஒன்றுமே செய்யாமல் நிற்பாள். அந்த இடத்தில் அரங்கத்தில் இருமல் சத்தம்கூட இருக்காது. அதை எழுதுகிறவர்கள் கடைசியில், 'அந்தப் புகழ்பெற்ற கண்ணீரை இதில் காணோம்' என்று ஒரு வரி சேர்ப்பார்கள்.

நாற்பதைத் தாண்டியதும் மேடையிலும் அம்மா வேஷம்தான் தந்தார்கள். அவளைவிட இரண்டே வயது சின்னவன் ஒருவனுக்கு அம்மா. "எத்தனை வயசுல பெத்தேன்னு கேட்டுச் சொல்லுங்க, அதுக்கேத்த மாதிரி நடிக்கறேன்" என்று ஒத்திகையில் கேட்டாள். கஷ்டமான நடிகை என்று பெயர் வாங்கினாள். அதே கம்பெனியில் குடித்துவிட்டு வந்து நாற்காலியை உடைத்த நடிகருக்குக் 'கலைஞனின் கோபம்' என்று பெயர்.

ஐம்பதில் தொலைக்காட்சிக்காரர்கள் கூப்பிட்டார்கள். பெண்கள் சிறையின் தலைமை அதிகாரி. சிரிக்க மாட்டாள், அழ மாட்டாள், யார் பேச்சையும் கேட்க மாட்டாள். ஆறு வருடம் அந்தத் தொடர் ஓடியது. மீன் கடையில், ரயிலில், பேருந்தில் எல்லோரும் அவளைப் பார்த்து எழுந்து நின்றார்கள். அந்த வருடங்களில் மட்டும் அவள் கொஞ்சம் சிரித்துப் பார்த்தேன்.

இதற்கு நடுவில் மார்லிங் தொலைக்காட்சிப் பேட்டி ஒன்றில் அந்தக் கதையை அவராகவே அவிழ்த்துவிட்டார். கால்மேல் கால் போட்டுக்கொண்டு, மெல்லிய குரலில். "அந்தப் பொண்ணுக்கு அழ வரல. என்ன பண்றது? கன்னத்துல ஒரு சின்னத் தட்டு தட்டினேன். உலகமே அழுதுடுச்சு." பேட்டி எடுத்தவர் விழுந்து விழுந்து சிரித்தார். அதிலிருந்து போகிற இடத்திலெல்லாம் அதையே சொன்னார். ஒவ்வொரு தடவையும் ஒரு நூல் கூட்டிச் சொல்லுவார். கடைசியில், "ஹெட்டியே வந்து எனக்கு நன்றி சொன்னா" என்று சேர்த்தார்.

அதைக் கேட்ட அன்று ஹெட்டி தேநீர்க் கோப்பையை மேசைமேல் வைத்துவிட்டு அசையாமல் இருந்தாள். கோப்பை ஆறி, மேலே ஆடை படிகிறவரை.

"அழ வரலைன்னு சொல்றான் பாரு மேவிஸ்" என்றாள் கடைசியில். "அழ வேணாம்னு நான்தான் சொன்னேன். அது நான் யோசிச்சு முடிவு பண்ணது. என் வேலை அது. அதைத்தான் அடிச்சான்."

மார்லிங்குக்கு எண்பது வயது முடிந்தபோது லண்டனில் ஒரு பெரிய நாடக அரங்கில் பாராட்டு விழா எடுத்தார்கள். நினைவுப் பரிசை ஹெட்டி கையால் கொடுக்க வேண்டும் என்று கூப்பிட்டார்கள். இப்படிப்பட்ட அழைப்பை அவள் படித்ததும் கிழித்துப் போடுவாள். இந்தத் தடவை வருவதாகச் சொன்னாள்.

"எதுக்குடி போற? வயசான காலத்துல வயித்தெரிச்சலைக் கிளப்பிக்கவா?" என்று கேட்டேன்.

"நான் நன்றி சொன்னேன்னு சொல்றான்ல? போய்ச் சொல்லிட்டு வரேன்."

அந்தப் பழைய காட்சியை மேடையில் கொஞ்சம் நடித்துக் காட்டுவதாக அவளே விழாக்காரர்களிடம் சொன்னாள். அவர்களுக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. ஒரு சமையல் மேசை, நாற்காலி, பாத்திரத்தில் தண்ணீர், உருளைக்கிழங்கு, கத்தி வேண்டும் என்றாள். கிழங்கை நானே கடையில் வாங்கிக்கொண்டு போனேன்.

அரங்கம் நிறைந்திருந்தது. மார்லிங் முன்வரிசை நடுவில், கைத்தடியோடு. முதலில் பெரிய திரையில் அந்தப் படத் துண்டைப் போட்டுக் காட்டினார்கள். விரிந்த கண், கோணிய வாய், கண்ணீர். கைதட்டல் அடங்க நேரமானது. பிறகு ஹெட்டி மேடைக்கு வந்தாள். சாம்பல் நிறக் கவுன்மேல் ஒரு பழைய ஏப்ரன் கட்டியிருந்தாள். மேசைக்குப் போய் உட்கார்ந்து சீவ ஆரம்பித்தாள். விழாவை நடத்திய நடிகரிடம் மிஷன்காரர் வசனத்தை முன்பே கொடுத்திருந்தாள். அவர் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு வந்து சொன்னார். "அம்மா, கப்பல் போயிடுச்சு. யாரும் மிஞ்சல."

ஹெட்டி கையிலிருந்த கிழங்கைச் சீவினாள். தோல் நீளமாகச் சுருண்டு விழுந்தது. தண்ணீரில் போட்டாள். அடுத்ததை எடுத்தாள். எத்தனை நேரம் என்று சொல்லத் தெரியவில்லை. அந்த அரங்கில் ஒருவர் தும்மியிருந்தால்கூட எல்லோரும் திடுக்கிட்டிருப்பார்கள். பிறகு அவள் நிமிர்ந்து பார்த்தாள். "கதவைச் சாத்துங்க, குளிர் உள்ள வருது."

எனக்குப் பக்கத்தில் நின்றிருந்த விளக்குக்காரர் வாயைப் பொத்திக்கொண்டார்.

ஹெட்டி கத்தியைக் கீழே வைத்தாள். பார்வையாளர்களைப் பார்த்துப் பேசினாள். பள்ளியில் கற்றுக்கொண்ட பேச்சு இல்லை, ஹெஸ்ஸல் ரோட்டுப் பேச்சு.

"அன்னிக்கு நான் நடிக்க வந்தது இதைத்தான். எங்க அம்மா இப்படித்தான் இருந்தா. நீங்க இப்பத் திரையில பார்த்தது, கை தட்டினது, நடிப்பு இல்ல. ஒரு பொண்ணு அடி வாங்கினது. அடிச்சவர் இதோ உக்காந்திருக்கார். நான் அவருக்கு நன்றி சொன்னதா ஊரெல்லாம் சொல்றார். நான் சொல்லல. சொல்லவும் மாட்டேன்."

யாரும் கை தட்டவில்லை. மார்லிங் கைத்தடியை ஊன்றி எழுந்தார். முகத்தில் சிரிப்பு மாறவே இல்லை. "அற்புதம், டார்லிங்" என்றார். "ஆனாலும் என்னோடதுதான் நல்லா இருக்கு."

அங்கங்கே சிலர் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பை நான் சாகிறவரை மறக்க மாட்டேன்.

"உங்களோடது இல்ல. கன்னம் என்னுது" என்றாள் ஹெட்டி. மார்லிங்குக்குத் தர வேண்டிய நினைவுப் பரிசை, சீவிய கிழங்குத் தோலுக்கு நடுவில் மேசைமேல் வைத்துவிட்டுப் போய்விட்டாள்.

தொலைக்காட்சியில் விழாவைக் காட்டியபோது அந்தப் பகுதி இல்லை. பத்திரிகைகள் பேசின. ஒரு கிழவரின் விழாவைக் கெடுத்த நன்றி கெட்டவள் என்று ஒன்று. வாய்ப்பில்லாத நடிகையின் வயிற்றெரிச்சல் என்று இன்னொன்று. ரொம்ப வருடம் கழித்து அவள் ஒத்துக்கொண்டிருந்த ஒரு படமும் கைவிட்டுப் போனது. அதன் தயாரிப்பாளர் மார்லிங்கின் நண்பர். நான் பத்திரிகைகளை எல்லாம் கொளுத்த வேண்டும் என்றேன். ஹெட்டி அவற்றில் மீன் சுற்றி, பூனை வளர்க்கிற பக்கத்து வீட்டுக்காரிக்குக் கொடுத்தாள்.

ஒரு வாரம் கழித்து ஒரு நடிகை போனில் கூப்பிட்டாள். மார்லிங்கின் பிந்தைய படம் ஒன்றில் நடித்தவள். "என் குழந்தைக்கு விபத்துன்னு சொல்லி என்னை அழ வெச்சார், மிஸ் ப்ளெங்கின். படம் எடுத்து முடிச்சப்புறம்தான் பொய்னு சொன்னார். நான் இத்தனை வருஷமா யார்கிட்டயும் சொல்லல" என்றாள். ஹெட்டி அவளை வீட்டுக்கு வரச் சொன்னாள். இரண்டு பேரும் சமையலறையில் பேசிக்கொண்டிருந்தார்கள். அந்த நடிகையும் பிறகு வெளியில் சொன்னாள். அவளையும் திட்டினார்கள், ஆனால் முன்னைப்போல அத்தனை சத்தமாக இல்லை. அதற்கப்புறம் மார்லிங் அந்த அறைந்த கதையைச் சொல்லி நான் கேள்விப்படவில்லை. மன்னிப்புக் கேட்கவும் இல்லை. அடுத்த குளிர்காலத்தில் செத்துப்போனார். எல்லாச் சேனலிலும் அந்தத் துண்டைத்தான் போட்டார்கள்.

இன்னும் சில வருடம் போனபின், வடக்கே ஒரு சினிமாப் பள்ளியில் மாணவர்களிடம் பேசக் கூப்பிட்டார்கள். ஹெட்டிக்கு இடுப்பில் அறுவை சிகிச்சை முடிந்திருந்ததால் நான் துணைக்குப் போனேன். நடந்ததை எல்லாம் சொன்னாள். மாணவர்கள் தலையைக் குனிந்துகொண்டு கேட்டார்கள். கடைசியில் கண்ணாடி போட்ட ஒரு பெண் கையைத் தூக்கினாள்.

"மேடம், தப்பா நினைக்காதீங்க. அவர் செஞ்சது அக்கிரமம்தான். ஆனா அந்த ஷாட்டு நல்லா இருக்கே. அதை என்ன பண்றது?"

அறையில் எல்லோரும் அவளை முறைத்தார்கள். எனக்கும் எழுந்து போய் அந்தப் பெண்ணை உலுக்க வேண்டும் போல இருந்தது. ஹெட்டி அசையாமல் இருந்தாள். கோபம் என்று எனக்குத் தெரிந்தது. யார்மேல் என்று தெரியவில்லை.

"நல்லாத்தான் இருக்கு. எனக்குக் கண்ணு இருக்கில்ல, தெரியும். நல்லா இல்லாம இருந்தா எப்பவோ மறந்துட்டிருப்பேன். நல்லா இருக்கறதுதான் எனக்குப் பொறுக்கல" என்றாள்.

"அப்ப நாங்க அதைப் பார்க்கலாமா, வேணாமா?"

"பாரு. பார்க்கறப்ப, அது ஒரு பொண்ணு அடி வாங்கற முகம்னு தெரிஞ்சு பாரு. தெரிஞ்சும் நல்லா இருக்குன்னு தோணிச்சுன்னா, அது உன் பாடு. நாளைக்கு நீ கேமராவுக்குப் பின்னாடி நிக்கறப்ப அந்தத் தொல்லை உன் கூடவே இருக்கட்டும்."

அந்தப் பெண் தலையாட்டினாள்.

திரும்பி வரும் ரயிலில் ஹீட்டர் வேலை செய்யவில்லை. ஹெட்டி டிக்கெட் பரிசோதகரிடம் அரை மணி நேரம் சண்டை போட்டாள். அவர் சிறை அதிகாரி தொடரை ஒன்றுவிடாமல் பார்த்தவராம், சந்தோஷமாகத் திட்டு வாங்கிக்கொண்டு போய் எங்கள் இருவருக்கும் ஒரு போர்வை கொண்டுவந்து கொடுத்தார். திங்கட்கிழமை அவளுக்கு ஒத்திகை. ஒரு கிழட்டு நீதிபதி வேஷம், பக்கம் பக்கமாக வசனம். போர்வையைக் கால்மேல் போட்டுக்கொண்டு நாடகப் பிரதியை என்னிடம் நீட்டினாள்.

"குற்றவாளி வசனத்தை நீ படி. மொணமொணக்காம சத்தமாப் படி" என்றாள்.

நான் கண்ணாடியை மாட்டிக்கொண்டு படிக்க ஆரம்பித்தேன்.